கோடையில் 560 யூனிட்: ஆறாயிரம் ரூபாயை எதற்கு முதலில் செலவிடுவது?

கூடல்நகர் வாசி:
அனைவருக்கும் வணக்கம். மதுரையில் மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள தளத்தில் நான்கு பேர் வசிக்கிறோம். சென்ற ஆண்டு இதே ஏப்ரல்–மே கணக்கில் 410 யூனிட் ஓடியது. இந்த முறை 560 யூனிட் வந்திருக்கிறது. வீட்டில் ஏசி கிடையாது. மூன்று மின்விசிறிகள், 14 ஆண்டு பழைய 240 லிட்டர் ஃபிரிட்ஜ், தொலைக்காட்சி, ஒரு குதிரைத்திறன் தண்ணீர் மோட்டார், பேட்டரியுடன் கூடிய இன்வெர்ட்டர் ஆகியவையே இருக்கின்றன. விளக்குகளை எல்லாம் ஏற்கெனவே எல்இடிக்கு மாற்றிவிட்டேன். மீட்டரில் கோளாறு இருக்குமோ என்ற சந்தேகமும் எனக்கு உண்டு. என்னால் இப்போது ஆறாயிரம் ரூபாய் வரைதான் செலவு செய்ய முடியும். அதை எதில் போட்டால் பலன் கிடைக்கும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

பழைய வயர்மேன்:
தம்பி, ஒரு ரூபாய்கூடச் செலவழிப்பதற்கு முன்னால் மின்சாரம் எங்கே போகிறது என்று அளந்து பாருங்கள். முதலில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மீட்டரில் மினுக்கும் சிவப்பு விளக்கைக் கவனியுங்கள். அப்போதும் மினுக்கினால் மீட்டரைச் சோதிக்கச் சொல்லி மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். மினுக்கவில்லை என்றால் மெயினைப் போட்டு, வீட்டிலுள்ள எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்து, ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் இரண்டின் இணைப்பையும் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். இன்வெர்ட்டரை மறந்துவிட்டால் பேட்டரி சார்ஜ் ஆவதையே மின்கசிவு என்று தவறாக எண்ணிவிடுவீர்கள். இந்த நிலையிலும் விளக்கு மினுக்கினால் வயரிங்கில் கசிவு இருக்கிறது என்று பொருள். அது செலவை விட ஆபத்தான விஷயம் என்பதால் உடனே ஒரு எலக்ட்ரீஷியனை அழைத்துவிடுங்கள். இவை எதுவும் இல்லையென்றால் அடுத்ததாக, வீட்டில் யாரும் இல்லாத ஒரு நாளில் ஃபிரிட்ஜை மட்டும் ஓடவிட்டு, ரீடிங்கைத் தொடக்கத்திலும் முடிவிலும் குறித்துக்கொள்ளுங்கள்.

கூடல்நகர் வாசி:
ஐயா, நீங்கள் சொன்னபடியே செய்து பார்த்தேன். மீட்டரிலும் வயரிங்கிலும் குறை எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை உறவினர் வீட்டுத் திருமணத்துக்குப் போயிருந்த எட்டு மணி நேரத்தில், ஃபிரிட்ஜ் மட்டும் 1.1 யூனிட் எடுத்திருக்கிறது. இது அதிகமா?

பழைய வயர்மேன்:
அதிகம்தான். அந்தக் கணக்கில் நாளுக்கு 3.3 யூனிட், இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 200 யூனிட் ஆகிறது. கம்ப்ரஸர் ஓய்வே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன். கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் கதவு ரப்பர் போய்விட்டது என்று தெரிந்துகொள்ளலாம். புது ஃபிரிட்ஜ் வாங்கச் சொல்லிக் கடைக்காரர்கள் வற்புறுத்துவார்கள், ஆனால் முதலில் ரப்பரை மாற்றிப் பார்ப்பதே சரி. பின்பக்கக் கம்பிச்சுருளில் படிந்த தூசியைத் துடைத்து, சுவரிலிருந்து அரை அடி தள்ளி வையுங்கள்.

மாடிவீட்டு அக்கா:
நான் திருச்சியில் இதே போன்ற மேல்தளத்தில்தான் பத்து ஆண்டுகளாக இருக்கிறேன். உங்கள் மொட்டைமாடியைப் பற்றி யாரும் கேட்கவில்லையே என்று எழுதுகிறேன். கறுத்துப்போன தளம் பகல் முழுவதும் வெயிலைக் குடித்துவிட்டு இரவில் அந்தச் சூட்டை அறைக்குள் இறக்குகிறது. மின்விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை. உடம்பின் வியர்வை விரைவாக ஆவியாகத்தான் உதவுகிறது. ஆகவே கூரை கொதிக்கும் வரை மின்விசிறி விடிய விடிய முழு வேகத்தில் ஓடத்தான் செய்யும். நாங்கள் ஒவ்வோர் ஆண்டும் பங்குனியில் தளத்தைத் தேய்த்துக் கழுவி, பாசியை நீக்கி, காய்ந்த பிறகு நீற்றிய சுண்ணாம்பைப் பசையோடு கலந்து வடிகட்டி இரண்டு பூச்சு அடிக்கிறோம். சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பெரும் தீங்கு நேரும் என்பதால் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் இறங்காதீர்கள். மழையில் கரைந்துபோகும் என்பது இதன் குறை. குளிரூட்டும் வெள்ளைப் பெயிண்ட் சில ஆண்டுகள் தாங்கும், ஆனால் உங்கள் தொகையில் அடங்குவது கடினம். மாலையில் தளத்தில் தண்ணீர் ஊற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்: மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வீணாகிறது, விரிசல் இருந்தால் கசிவும் தொடங்கிவிடும்.

பழைய வயர்மேன்:
அம்மா சொல்வது முற்றிலும் சரி. மின்விசிறியைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். சாதாரண மின்விசிறி முழு வேகத்தில் ஏறக்குறைய 75 வாட் எடுக்கும். பிஎல்டிசி வகை, அதாவது மின்சாரத்தைக் குறைவாக எடுக்கும் மோட்டார் கொண்ட மின்விசிறி, 30 வாட் அளவில் அதே காற்றைத் தரும். நாளுக்கு 20 மணி நேரம் ஓடுகிற இடத்தில் மாற்றினால் இரண்டு மாதத்தில் 54 யூனிட் மிஞ்சும். நாளுக்கு இரண்டு மணி நேரம் மட்டும் ஓடுகிற அறையில் மாற்றினால் ஐந்தாறு யூனிட்தான். ஆகையால் மூன்றையும் ஒன்றாக மாற்றாமல், அதிகம் ஓடுவதை மட்டும் மாற்றுங்கள். பிஎல்டிசி மின்விசிறியைப் பழைய ரெகுலேட்டர் வழியாக இணைக்கக் கூடாது. அதை நீக்கி நேரடியாக இணைக்கச் சொல்லுங்கள். இன்னொரு செய்தி: இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால், தொடக்க யூனிட்டுகளுக்குக் கிடைக்கும் சலுகையில் ஒரு பகுதியும் போய்விடும். உங்கள் பில் தொகை யூனிட்டை விட வேகமாக எகிறியிருந்தால் அதுவும் ஒரு காரணம்.

கூடல்நகர் வாசி:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். தாள் வழுக்கிக்கொண்டுதான் வந்தது. கதவு ரப்பரை மாற்றக் கூலியோடு 850 ரூபாய் ஆனது. நேற்று மறுபடியும் எட்டு மணி நேரம் அளந்தேன், 0.5 யூனிட்தான் ஓடியிருக்கிறது. என் அம்மா பெரும்பாலும் படுத்தே இருப்பதால் அவர் அறை மின்விசிறிதான் நாளெல்லாம் ஓடுகிறது. அதை மட்டும் 2,800 ரூபாயில் மாற்றினேன். நானும் மகனும் இரண்டு காலைப் பொழுதுகளில் சுண்ணாம்பு அடித்து முடித்தோம். அதற்கு 1,200 ரூபாய் ஆயிற்று. இரவில் அம்மா இப்போது மின்விசிறியைக் குறைக்கச் சொல்கிறார். மீதமுள்ள 1,150 ரூபாயை அப்படியே வைத்திருக்கிறேன். தண்ணீர் மோட்டார் தொட்டி நிறைய நாற்பது நிமிடம் எடுத்துக்கொள்கிறது, முன்பு இருபத்தைந்து நிமிடம்தான் ஆகும். கிணற்றுக்குள் குழாயின் அடியில் நீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் ஃபுட்வால்வைப் பார்க்க வேண்டுமா, ஐயா?

பழைய வயர்மேன்:
பாருங்கள் தம்பி. மோட்டாரை நிறுத்தியதும் குழாயில் உள்ள நீர் கிணற்றுக்குள் இறங்கிவிட்டால் ஃபுட்வால்வ் கசிகிறது. நீர் இறங்காமல் நின்றும் நேரம் பிடித்தால் கிணற்று நீர்மட்டம் தாழ்ந்திருக்கலாம். அப்போது வால்வை மாற்றிப் பயனில்லை.