தொடர்பியல் முதுகலை: செமினாரில் பேச வராதவர்களுக்கு

கேள்வி: எல்லோருக்கும் வணக்கம். கம்யூனிகேஷன் எம்.ஏ. படிக்கப் புதிதாக வெளிநாடு வந்திருக்கிறேன். இளங்கலையில் படித்தது எலக்ட்ரானிக்ஸ். செமினாரில் மற்றவர்கள் சரளமாகப் பேசும்போது எனக்கு வாயே திறப்பதில்லை. வாசிக்கக் கொடுப்பதும் மலை மலையாக இருக்கிறது. இந்தப் பருவத்தில் ஆங்கிலத்தைச் சரிசெய்துகொண்டு அடுத்த பருவத்திலிருந்து பேச ஆரம்பிக்கலாமா? இல்லை, தப்பான துறைக்கு வந்துவிட்டேனா?

பதில்: தம்பி, அடுத்த பருவம் வரை தள்ளிப்போடாதீர்கள். முதல் சில வாரங்களில் யார் பேசுவார், யார் பேசமாட்டார் என்று வகுப்பே முடிவு கட்டிவிடும். அதற்குப் பிறகு உள்ளே நுழைவதுதான் கஷ்டம். உச்சரிப்பு எப்படி இருக்கிறது என்று அங்கே யாரும் மதிப்பெண் போடுவதில்லை. அந்த வாரக் கட்டுரையைப் படித்தீர்களா, அதை வைத்து ஒரு நல்ல கேள்வி எழுப்பினீர்களா என்றுதான் பார்க்கிறார்கள்.

துறை தப்பில்லை. டிஜிட்டல் கம்யூனிகேஷன் பாடத்தில், தகவல் கோட்பாட்டை உருவாக்கிய ஷானனைப் படித்திருப்பீர்களே? அவருடைய 1948 கட்டுரையிலிருந்துதான் இங்கேயும் பல அறிமுகப் பாடங்கள் தொடங்குகின்றன. அனுப்புநர், தடம், இரைச்சல், பெறுநர் எல்லாம் உங்களுக்குப் பழக்கப்பட்டவை. ஷானன் செய்தியின் பொருளைக் கணக்கில் எடுக்கவில்லை. அவர் விட்ட இடத்தில்தான் இந்தத் துறையின் பாதி விவாதம் நடக்கிறது.

முதலில் உங்கள் துறை எந்தப் பக்கம் சாய்ந்தது என்று பாருங்கள். ஒரு பக்கம் அளந்து பார்ப்பவர்கள். மெக்கோம்ப்ஸ், ஷா என்ற இரண்டு ஊடக ஆய்வாளர்கள் 1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது, சாப்பல் ஹில் நகரில், யாருக்கு ஓட்டு என்று இன்னும் முடிவெடுக்காத 100 பேரிடம் எது முக்கியமான பிரச்சினை என்று கேட்டார்கள். ஊடகங்கள் எதற்கு முக்கியத்துவம் கொடுத்தனவோ, அதையே வாக்காளர்களும் பெரும்பாலும் முக்கியம் என்றார்கள். 1972இல் வெளியான இந்த ஆய்வு எப்படியும் உங்கள் வாசிப்புப் பட்டியலில் வரும். மறுபக்கம், பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் வழி வந்தவர்கள். ஹால் ஜமைக்காவில் பிறந்து, 1951இல் ஆக்ஸ்போர்டுக்கு மாணவராகக் கடல் கடந்து வந்தவர். ஒரே நிகழ்ச்சியைப் பார்த்தாலும் ஒருவர் அதை அப்படியே ஏற்பார், இன்னொருவர் பாதி ஏற்றுப் பாதி தன் அனுபவத்தோடு உரசிப் பார்ப்பார், மூன்றாமவர் எதிர்த்தே வாசிப்பார் என்று 1973இல் எழுதினார். புது நாட்டில் செய்தி பார்க்கிற நமக்கு இது ஏட்டுப் பாடமே இல்லை, தினமும் நடப்பது. முறையியல் (ஆய்வு செய்யும் முறைகள்) பாடத்தைத் திறந்தாலே சாய்வு தெரிந்துவிடும்: புள்ளியியலும் கருத்துக்கணிப்புமா, இல்லை நேர்காணலும் உரையாடல் பகுப்பாய்வுமா?

வாசிப்புக்கு வருகிறேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரே வேகத்தில் படித்தால் ஒருநாளும் முடியாது. முதலில் சுருக்கம், முன்னுரை, முடிவுரை, அப்புறம் முறையியல் என்ற வரிசையில் படியுங்கள். ஆசிரியர் என்ன கேட்கிறார், எதைச் சான்றாகக் காட்டுகிறார், யாரை விட்டுவிட்டார் என்று ஓரத்தில் எழுதுங்கள். அந்த மூன்றாவதிலிருந்துதான் பேச விஷயம் கிடைக்கும். சாப்பல் ஹில் ஆய்வையே எடுத்துக்கொள்ளுங்கள். "இவர்கள் கேட்ட ஆட்கள் ஏறக்குறைய ஒரே பத்திரிகைகளையும் ஒரே தொலைக்காட்சியையும் பார்த்தவர்கள். இன்று ஒரே வீட்டில் அப்பா ஒரு மொழிச் சேனல் பார்க்கிறார், மகள் வேறு மொழியில் இன்ஸ்டாகிராம் பார்க்கிறாள். யாருடைய ஊடகத்தை வைத்து அளப்பது?" இதை எளிய ஆங்கிலத்தில் தாளில் எழுதி, பக்க எண்ணோடு கொண்டுபோய், முதல் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் கேட்டுவிடுங்கள். தாளைப் பார்த்துப் படித்தாலும் குறைவில்லை. பேச்சு வேறு பக்கம் போய்விட்டால் நீங்கள் எழுதிவந்தது பொருந்தாமல் போகும், அதனால்தான் சீக்கிரம் என்கிறேன். பேராசிரியரே எழுதிய கட்டுரையாக இருந்தாலும் காரணத்தோடு மறுக்கலாம், சங்கடப்பட வேண்டாம்.

கேள்வி: ரொம்ப நன்றி அக்கா. இன்னொன்று. பருவ இறுதி ஆய்வுக்கு, நான் இருக்கிற தமிழ் வாட்ஸ்அப் குழுவில் வதந்திகள் எப்படிப் பரவுகின்றன என்று எடுக்கலாமா? ஆயிரக்கணக்கான செய்திகள் போனிலேயே இருக்கின்றன.

பதில்: தலைப்பு அருமை. தமிழ் தெரிந்த உங்களால்தான் இதைச் சரியாகச் செய்ய முடியும். ஆனால் ஒரு செய்தியைக்கூட இப்போது எடுக்காதீர்கள். குழுவில் உறுப்பினராக இருப்பது ஆய்வு செய்ய அனுமதி ஆகாது. பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் முதலில் வர வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். ஆய்வில் பங்கேற்பவர்களுக்கான சம்மதப் படிவத்தைத் தமிழிலும் தயார்செய்யுங்கள். குழு நிர்வாகி சொன்னார் என்பதற்காக மற்றவர்கள் தலையாட்டினால் அது சம்மதம் ஆகாது, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். பெயரை நீக்கினால் போதும் என்றும் இருந்துவிடாதீர்கள். ஒருவருடைய சொல்வழக்கை வைத்தே குழுவில் இருப்பவர்கள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். தனிப்பட்ட செய்திகளை எடுப்பதைவிட, சம்மதித்தவர்களை நேர்காணல் செய்வது முதல் ஆய்வுக்குப் பாதுகாப்பான வழி.

கோட்பாட்டுக்குச் சமூகவியலாளர் லாசர்ஸ்ஃபெல்டிலிருந்து தொடங்குங்கள். 1940 அமெரிக்க அதிபர் தேர்தலில் அவரும் அவருடைய குழுவினரும் ஒஹாயோ மாநிலம் ஈரி கவுண்டியில் சுமார் 600 பேரை மே முதல் நவம்பர் வரை திரும்பத் திரும்பச் சந்தித்தார்கள். வானொலியும் பத்திரிகையும் நேராக மனத்தை மாற்றியதைவிட, கூட இருப்பவர்களின் பேச்சு அதிகம் வேலை செய்திருந்தது. குழுவில் யார் ஃபார்வர்ட் செய்தால் எல்லோரும் நம்புகிறார்கள் என்ற உங்கள் கேள்விக்கு இது நேரடி மூதாதை.

செய்திகளை வகைப்படுத்தும் கட்டம் வந்தால், தமிழ் தெரிந்த இன்னொருவரும் தனியாக வகைப்படுத்த வேண்டும். "இந்த மாத்திரையைச் சாப்பிடாதீர்கள், உடனே எல்லோருக்கும் அனுப்புங்கள்" என்ற செய்தியை நீங்கள் 'மருத்துவ அறிவுரை' என்பீர்கள், அவர் 'எச்சரிக்கை' என்பார். அங்கே சண்டை போடாமல், விதியைத் திருத்தி எழுதி இருவரும் மறுபடி செய்ய வேண்டும். தற்செயலாக ஒத்துப்போனதைக் கழித்துவிட்டு உடன்பாட்டை அளக்கக் கோஹென் 1960இல் தந்த கப்பா அளவு இருக்கிறது, பொறியியல் படித்தவருக்கு அது கஷ்டமே இல்லை. நேர்காணலைத் தமிழிலேயே எழுதி, தமிழிலேயே பகுத்தாயுங்கள். மேற்கோள்களை மட்டும் மொழிபெயர்த்து, மூலத்தைப் பின்னிணைப்பில் வையுங்கள்.

வேலை அனுமதியையும் இப்போதே பாருங்கள். சில நாடுகளில் படிப்பு எந்த வகையில் பதிவாகியிருக்கிறது என்பதே பின்னால் எவ்வளவு காலம் வேலை செய்யலாம் என்பதைத் தீர்மானிக்கும். அமெரிக்காவில் படிப்புக்குப் பின் 12 மாதம் ஓபிடி (படிப்பு சார்ந்த வேலைக்கான அனுமதி), ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உள்ள படிப்பென்றால் மேலும் 24 மாதம் கேட்கலாம். சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்புக்கும் முன் அனுமதி தேவைப்படலாம், சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் சேருங்கள். ஊடக வேலைதான் குறி என்றால் மாணவர் வானொலியிலோ பத்திரிகையிலோ இந்த வாரமே பெயர் கொடுங்கள். வேலை தருபவர்கள் நீங்கள் செய்து காட்டியதைத்தான் முதலில் கேட்பார்கள்.

முறையியல் பாடத்தின் வாசிப்புப் பட்டியலை இங்கே போடுங்கள் தம்பி. எந்த மாதிரி வழிகாட்டியிடம் இந்தத் தலைப்பைக் கொண்டுபோகலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.