வலிப்பு வாட்ச்: 40-க்கு 40 எடுத்தா நூறு சதவீதமா?

வாட்ச்காரன்: "வலிப்புக்கு வாட்ச் கட்டுறதும் கையில சாவிக்கொத்து கொடுக்கிறதும் ஒண்ணுதான்"னு நேத்து ஒருத்தர் போற போக்குல எழுதிட்டுப் போயிட்டார். அதுல இருந்து மண்டை காயுது. வலிப்பு வந்தா கண்டுபிடிச்சு அலாரம் அடிக்கிற எம்பாட்டிகா கம்பெனியோட எம்ப்ரேஸ் வாட்சுக்கு 2018-லயே அமெரிக்க எஃப்டிஏ, அதாவது மருந்து, மருத்துவக் கருவிகளைச் சோதிச்சு அனுமதிக்கிற அரசு அமைப்பு, அனுமதி கொடுத்தாச்சு. சும்மா தூக்கிக் கொடுக்கல. வலிப்பு வார்டுகள்ல இருந்த 135 நோயாளிகளுக்கு ஒரு பக்கம் வீடியோ இ.இ.ஜி. (ஆளைப் படம் பிடிச்சுக்கிட்டே மூளையோட மின்னோட்டத்தையும் பதியறது), இன்னொரு பக்கம் கையில கருவி. மொத்தம் 6,530 மணி நேரம் பதிவு. கை கால் வெட்டி இழுக்கிற பெரிய வலிப்பு 40 வந்துச்சு. கண்டுபிடிச்சது 40. சாவிக்கொத்து இதைச் செய்யுமா?

மைப்பேனா: அந்த "ஒருத்தர்" நான்தான். பேர் சொல்லியே திட்டலாம் தம்பி, கோவிச்சுக்க மாட்டேன். இ.இ.ஜி. அறையில 31 வருஷம் குப்பை கொட்டினவன். உருளுற காகிதத்துல மைப்பேனா ஓடின காலத்துல இருந்து பார்க்கிறேன். 6,530-ஐ 135-ஆல வகுத்துப் பார்த்தீங்களா? ஆளுக்கு ரெண்டு நாள். 135 பேர்ல மொத்தமே 40 வலிப்புன்னா, குறைஞ்சது 95 பேருக்கு அந்தப் பெரிய வலிப்பு ஒண்ணுகூட வரல. இதை வச்சுத்தான் நூறு சதவீதமா?

வாட்ச்காரன்: 40-க்கு 40 சார். வலிப்பு வராதவங்களை எதுக்கு இதுல இழுக்கிறீங்க?

மைப்பேனா: இழுக்கத்தான் வேணும். ஒண்ணுமே தவறலன்னு யாராவது கணக்குக் காட்டினா, 3-ஐ அந்த எண்ணிக்கையால வகுக்கணும். உண்மையில எவ்வளவு வரைக்கும் தவறலாம்னு அது சொல்லும். புள்ளியியல் படிச்ச பிள்ளைங்களைக் கேளுங்க. 3-ஐ 40-ஆல வகுத்தா நூத்துக்கு ஏழரை. அதாவது உண்மையில நூத்துக்கு ஏழு தவறவிடுற கருவியா இருந்தாலும், அதிர்ஷ்டம் இருந்தா 40-க்கு 40 வாங்கிடும்.

வாட்ச்காரன்: ஏழரையைக் கூட்டாம உங்களுக்குத் தூக்கம் வராதே. இங்கேயே இன்வெர்ட்டர் பத்தி நடந்த இன்னொரு விவாதத் திரியிலயும் இதே கதைதான். வீடியோவையும் இ.இ.ஜி.யையும் பார்த்துச் சொன்னது மூணு வலிப்பு நிபுணர்கள். கருவி என்ன சொல்லுச்சுன்னு அவங்களுக்குக் காட்டவே இல்ல. இதுக்கு மேல என்ன நேர்மை வேணும்?

மைப்பேனா: நிபுணர்கள் நேர்மையை யார் கேட்டா? வார்டுல படுத்திருக்கிற ஆளையும் மாவு பிசையிற, பஸ்ல தொங்குற ஆளையும் ஒண்ணாக்காதீங்கன்னுதான் சொல்றேன். இன்னொண்ணு, அந்த வாட்ச் பார்க்கிறது மணிக்கட்டு ஆட்டத்தையும் தோல்ல வியர்வையால மாறுற மின்கடத்தலையும். மூளையை இல்ல. அசையாம ரெண்டு நிமிஷம் வெறிச்சுப் பார்த்துட்டு உதட்டைச் சப்புக் கொட்டுற வலிப்பு இருக்கே, அது வந்தா வாட்ச் மணிதான் காட்டும்.

தென்காசிக்காரன்: காக்கா வலிப்புக்கு எங்க தாத்தா காலத்துல எந்த வாட்ச் இருந்துச்சு? இரும்பைக் கையில கொடுத்தா நின்னுரும். கண்ணால பார்த்திருக்கேன்.

இரவுக்காவல்: அண்ணே, முதல்ல அந்தக் "காக்கா"வை விடுங்க. என் மகனை ஸ்கூல்ல அப்படிக் கூப்பிட்டுத்தான் அழ வச்சாங்க. இரும்பு கொடுத்தா நிக்கல. ரெண்டு மூணு நிமிஷத்துல அதுவா நிக்குறதுதான் பெரும்பாலும். அந்த நேரத்துல ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும், வாயில எதையும் திணிக்கக் கூடாது.

வாட்ச் பத்தி: நாங்களும் இதே மாதிரி மணிக்கட்டுல கட்டுற ஒரு பேண்ட் வாங்கினோம், பேர் வேண்டாம். பல் தேய்ச்சா அலாரம். கேரம் ஆடினா அலாரம். மூணாவது நாள் என் மாமியார் அலாரம் அடிக்கிற போனையே அணைச்சுப் போட்டுட்டாங்க. ஆனா ஒருநாள் ராத்திரி 3 மணிக்கு அது அடிச்சப்போ அவன் தலையணையில குப்புற முகம் புதைஞ்சு கிடந்தான். திருப்பிப் போட்டேன். இப்பவும் அவன் கால் மேல கை வச்சுத்தான் தூங்குறேன், பேண்டும் கட்டித்தான் இருக்கு. யார் ஜெயிச்சீங்கன்னு எனக்குத் தெரியல.

வாட்ச்காரன்: பார்த்தீங்களா? அக்காவே சொல்லிட்டாங்க. 40-க்கு 40.

மைப்பேனா: அவங்க கேரம் அலாரத்தையும் சொன்னாங்க, அதை மட்டும் கண்ணு தாண்டிருச்சோ? பொய் அலாரம் எத்தனைன்னு உங்க நூறு சதவீதத்துல எங்கேயும் வராது. நாள் முழுக்க அடிச்சுக்கிட்டே இருக்கிற மணியும் 40-க்கு 40 வாங்கும் தம்பி.

வாட்ச்காரன்: சரி, மூளையைத்தான் பார்க்கணுமா? காதுக்குப் பின்னாடி ஒட்டுற இ.இ.ஜி. வந்தாச்சு. பேஸ்ட் வேண்டாம், ஒயர் வேண்டாம். தலையில ஒட்டுற உங்க 21 லீடுக்கு (ஒயர் முனைக்கு) வேலை போகப் போகுதுன்னு பயமா?

மைப்பேனா: ரிட்டயர் ஆகி ஆறு வருஷமாச்சு, இனி எந்த வேலை போறது! மூளையில இருந்து மண்டைத்தோலுக்கு வர்றது சில பத்து மைக்ரோவோல்ட். பக்கத்துலயே தாடைத் தசை. முறுக்கு கடிச்சா டிரேசிங், அதாவது பதிவாகிற கோடு, முழுக்க புல்லு முளைச்ச மாதிரி ஆயிரும். "தலைக்கு எண்ணெய் வைக்காம, ஷாம்பு போட்டுக் குளிச்சுட்டு வாங்க"ன்னு எத்தனை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பேன்! அப்படியும் வழிய வழிய எண்ணெயோட வருவாங்க, லீட் வழுக்கும். இதுல ஒட்டினதை வீட்டுல வாரக்கணக்குல வச்சிருப்பாங்களாம்.

தென்காசிக்காரன்: தேங்காய் எண்ணெயைக் குறை சொல்லாதீங்க. மூளைக்குக் குளிர்ச்சி.

மைப்பேனா: எண்ணெயை யார் குறை சொன்னா? தலையில ஒட்டுற எலெக்ட்ரோடுக்கு ஆகாதுன்னேன்.

இரவுக்காவல்: வலிப்பு வர்றப்போ எல்லாம் நோட்டுல எழுதி வைங்கன்னு எங்க டாக்டர் சொல்றார். தூக்கத்துல வர்றதை நான் எப்படி எழுதுறது?

வாட்ச்காரன்: அக்கா, சரியான இடத்துக்கு வந்தீங்க. ஜெர்மனியில பான் நகரத்துல 91 நோயாளிகளை வச்சுப் பார்த்து 2007-ல வெளியிட்டாங்க. வார்டுல இருந்தப்பவே, வந்த வலிப்புகள்ல பாதிக்கு மேல அவங்க எழுதவே இல்ல. தினமும் ஞாபகப்படுத்தியும் பிரயோஜனமில்ல. நோட்டு 40-க்கு 20 கூட வாங்காது, வாட்ச் 40-க்கு 40. மைப்பேனா சார் இதுக்கு என்ன சொல்றார்?

மைப்பேனா: நல்ல ஆய்வு, மறுக்கல. அது நோட்டைப் பத்தின ஆய்வு. வாட்ச் நல்லதுன்னு அதுல எங்க இருக்கு? எதிர்வீட்டுப் பையன் ஃபெயில்ங்கிறதால நம்ம பையன் பாஸ் ஆயிருவானா? ஏழரை, ஏழரை, ஏழரை. எத்தனை தடவை சொல்றது!

வாட்ச்காரன்: 40-க்கு 40.

இரவுக்காவல்: ரெண்டு பேரும் நல்லா இருங்க. பையன் எழுந்துட்டான், நான் போறேன்.

மைப்பேனா: அம்மா போகட்டும். நீங்க போகாதீங்க தம்பி. இன்வெர்ட்டர் திரியில நான் கேட்ட கேள்வி இன்னும் அப்படியே கிடக்கு. முதல்ல அதுக்குப் பதில்.