எக்ஸ்ரென்ஷனுக்குள் போகும் பொயிலர் குழாய்: பில்டரே மாற்றலாமா?

ஹரோ_குடித்தனம்
லண்டனில் எங்கள் வீட்டின் பின்பக்கம் குசினியை நீட்டிக் கட்டுகிறோம். பொயிலர் குசினியின் வெளிச்சுவரில் இருக்கிறது. அதன் புகைக்குழாய் வெளியே வரும் இடம், கட்டி முடிந்ததும் புது அறைக்குள் அகப்பட்டுவிடும். பில்டர், "இதுக்கு ஏன் தனி ஆள்? நானே குழாயை நீட்டிக் கூரையால் வெளியே விடுகிறேன், கையில் காசாகத் தந்தால் பாதி விலை" என்கிறார். கெட்டிக்காரர், தூரத்து உறவும்கூட. ஆனால் காஸ் வேலை செய்பவர்களுக்கான காஸ் சேஃப் பதிவு இல்லை. பொயிலர் கொம்பி (ரேடியேற்றருக்கும் குழாய்த் தண்ணிக்கும் ஒன்றே சூடேற்றும் வகை), ஆறு வயது. என்ன செய்யலாம்?

கணக்கர்_குரொய்டன்
செய்யட்டும். அவர் காஸ் குழாயைத் தொடவில்லையே, புகைக்குழாயைத்தானே நீட்டுகிறார். 1998ஆம் ஆண்டுக் காஸ் பாதுகாப்புச் சட்டம் தகுதியுள்ளவர் செய்ய வேண்டும் என்றுதான் தொடங்குகிறது. சொந்த வீட்டில் தானே செய்பவர் பதிவு செய்திருக்க வேண்டும் என்று அதில் ஒரு வரி காட்டுங்கள் பார்ப்போம். அந்தப் பதிவை 2009 வரை கோர்கி என்றார்கள், பிறகு காஸ் சேஃப் என்றார்கள். பெயர் மாறியது, கட்டணம் மாறவில்லை.

நீலச்சுவாலை
நான் பதிவு பெற்ற எஞ்சினியர், அதையும் சேர்த்தே வாசியுங்கள். கணக்கர் அண்ணை சொன்ன வரி உண்மைதான், ஆனால் அது இங்கே பொருந்தாது. தொழிலாகக் காஸ் வேலை செய்பவர் பதிவில் இருந்தே ஆக வேண்டும். பில்டர் காசு வாங்குகிறார். அதோடு அதே சட்டத்தின் 8ஆம் விதியையும் பாருங்கள்: காஸ் சாதனம் உள்ள கட்டடத்தில், அதன் பாதுகாப்பைக் கெடுக்கும் மாற்றம் எதையும் எவரும் செய்யக் கூடாது. அது செங்கல் அடுக்குபவருக்கும் சேர்த்துத்தான்.

சட்டத்தை விடுங்கள், குழாயைப் பார்ப்போம். வெளியிலிருந்து ஒரு குழாய்தான் தெரியும். உள்ளே இரண்டு, ஒன்றுக்குள் ஒன்று. உள்குழாயால் புகை போகிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியால் எரிவதற்கான காற்று வருகிறது. உள்மூட்டில் ரப்பர் வளையம் நெளிந்திருந்தாலோ, வெட்டிய துண்டு கொஞ்சம் கட்டையாகிவிட்டாலோ, வெளியேற்றும் புகையையே பொயிலர் திரும்ப இழுக்கும். ஒட்சிசன் குறையும், எரிதல் கெடும், காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு ஏறும். வெளிக்குழாய் அழகாகவே இருக்கும், சுடுதண்ணியும் வரும், ரேடியேற்றரும் சுடும். அந்த வாயுவுக்கு நிறமோ மணமோ கிடையாது. அதனால்தான் புகை அளக்கும் கருவியால் காற்று வரும் வழியையும் புகை போகும் வழியையும் தனித்தனியே சோதிக்கிறோம். புகையில் காபன் மொனொக்சைட்டுக்கும் காபன் டயொக்சைட்டுக்கும் உள்ள விகிதம் 0.004க்கு மேல் நின்றால், ஓடவிட்டு வர முடியாது. உங்கள் பில்டரிடம் அந்தக் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள்.

இன்னொன்று சரிவு. உங்களுடையது போன்ற கண்டென்சிங் பொயிலர் புகையின் சூட்டையும் எடுத்துக்கொள்வதால், புகையிலிருந்து நீர் வடியும். அது பொயிலருக்கே திரும்பி ஓடும்படி குழாய் சரிந்திருக்க வேண்டும். கூரைப் பீலி பூட்டிப் பழகியவர் கை தன்னையறியாமல் வெளிப்பக்கம் சரிக்கும்.

கணக்கர்_குரொய்டன்
தம்பி, பயங்காட்டுவது நல்லாத்தான் இருக்கு. ஆனால் நீர் விற்பதும் அதைத்தானே? இப்போது வரும் பொயிலர்கள் அறைக் காற்றையே எடுப்பதில்லை, நீரே ஒப்புக்கொண்டீர். பிறகென்ன? ஒரு காபன் மொனொக்சைட் அலாரம் வாங்கி மாட்டினால் முடிந்தது. என் பொயிலருக்கு வருடாவருடம் சேர்விஸ் செய்வதுமில்லை. சொந்த வீட்டுக்காரருக்கு அப்படி ஒரு கட்டாயம் கிடையாது.

வாடகைவீட்டு_அக்கா
கட்டாயம் இல்லை, சரி. உற்பத்தி நிறுவனத்தின் வாரண்டி? வருடச் சேர்விஸ் பதிவு இல்லாவிட்டால் அதைக் காட்டி மறுக்க இடமிருக்கிறது. நான் வீடு வாடகைக்கு விடுகிறேன். வருடத்துக்கு ஒருமுறை பாதுகாப்புச் சோதனை, அதன் பிரதி 28 நாட்களுக்குள் குடியிருப்பவர் கையில், ஆட்கள் புழங்கும் அறையில் பொயிலர் இருந்தால் 2022 ஒக்டோபரிலிருந்து அலாரமும். நம்மவர் நிறையப் பேர் சோதனையையும் சேர்விஸையும் ஒன்றாக எண்ணுகிறார்கள். சோதனைக்கு வந்தவர் பாதுகாப்பாக ஓடுகிறதா என்று பார்ப்பார். திறந்து துப்புரவாக்குவதும், வடியும் நீர் தங்கும் கிண்ணத்தைக் கழுவுவதும், தேய்ந்த ரப்பர் வளையங்களை மாற்றுவதும் வேறு வேலை.

வேளச்சேரி_டு_வெம்ப்ளி
எங்க ஊரில் பாத்ரூமில் கேஸ் கீஸரைப் போட்டு, ஜன்னலையும் மூடிக் குளிக்கப் போய் ஆட்கள் இறந்த செய்தி அடிக்கடி வரும். அதனால் எனக்கு வீட்டுக்குள் பாய்லர் என்றாலே பயம். இங்கே வந்ததும் முதலில் ஜன்னலைத்தான் தேடினேன்.

நீலச்சுவாலை
அது வேறு வகை. அந்தக் கீஸர் அறைக் காற்றிலேயே எரிந்து, புகையையும் அறைக்குள்ளேயே விடும். பிரிட்டனில் குளியலறையில் அப்படிப்பட்டதைப் பொருத்தச் சட்டமே விடாது; அறைக் காற்றோடு தொடர்பில்லாத, மூடிய வகை மட்டும்தான்.

ஆனால் பொயிலர் அறைக் காற்றை எடுப்பதில்லை என்ற கணக்கர் அண்ணையின் வாதம் எல்லா வீட்டுக்கும் ஓடாது. பழைய வீடுகளில் நெருப்பிடத்துக்குப் பின்னால் பொருத்திய பொயிலர்கள் இன்னும் இருக்கின்றன. அவை அறைக் காற்றை எடுத்துப் புகைபோக்கியால் மேலே விடும். நாங்கள் மீன் பொரிக்க, மிளகாய்த்தூள் வறுக்க என்று குசினியில் காற்றை வெளியே இழுக்கும் பெரிய விசிறி பூட்டுகிறோம். கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு அதை முழு வேகத்தில் போட்டால், புகைபோக்கியில் மேலே போக வேண்டிய புகையை விசிறி கீழே இழுக்கும். அதனால் விசிறியை ஓடவிட்டபடியேதான் சோதிப்போம். குளிருக்குப் பயந்து சுவரின் காற்றுத் துவாரத்தைத் துணியால் அடைத்த வீடுகளும் உண்டு.

ஹரோ அண்ணையின் பொயிலர் மூடிய வகை. ஆனால் அந்த மூடி மூடியாக இருக்க வேண்டுமே! சில மொடல்களில் முன்தகடே காற்றடைப்பின் ஒரு பகுதி, அதைக் கழற்றிப் பூட்டுவதும் காஸ் வேலைதான்.

ஹரோ_குடித்தனம்
அப்படியென்றால் நான் எதைத்தான் தொடலாம்?

நீலச்சுவாலை
அழுத்தமானியைப் பாருங்கள். ஆறியிருக்கும்போது 1 முதல் 1.5 பாருக்குள் இருந்தால் நல்லது. குறைந்தால் நிரப்பலாம், கிழமைக்குக் கிழமை குறைந்தால் எங்கேயோ கசிவு. பனிக்காலத்தில் பொயிலர் களகளவென்று சத்தம் போட்டு நின்றால், வெளியே போகும் பிளாஸ்டிக் வடிகுழாய் உறைந்திருக்கும். இளஞ்சூட்டுத் தண்ணியை அதன்மேல் ஊற்றுங்கள், கொதிதண்ணி வேண்டாம். அலமாரி கட்டி மறைக்க ஆசைப்பட்டால், கையேட்டில் சொன்ன இடைவெளியை விட்டுக் கட்டுங்கள்.

குழாய் நீளத்துக்கும் அதே கையேட்டில் எல்லை உண்டு. ஒவ்வொரு வளைவும் அதில் ஒரு பங்கைத் தின்னும். கூரைக்குள் மறைத்தால் திறந்து பார்க்கக் கதவு விட வேண்டும். சில வேளை பொயிலரையே வேறு சுவருக்கு மாற்றுவது மலிவாக முடியும்.

கணக்கர்_குரொய்டன்
வந்துவிட்டது பாருங்கள். குழாயில் தொடங்கிப் பொயிலரையே மாற்றச் சொல்கிறார்.

வாடகைவீட்டு_அக்கா
கணக்கர் அண்ணை, எக்ஸ்ரென்ஷன் முடிந்ததும் கட்டட விதிகளைச் சோதிக்கும் பில்டிங் கொன்ட்ரோல்காரர் வந்து பார்த்துத்தானே சான்றிதழ் தருவார்? கூரையால் முளைத்திருக்கும் குழாய் அவர் கண்ணில் படாதா? யார் செய்தது என்று கேட்டால் உறவுக்காரர் என்றா சொல்வது?

கணக்கர்_குரொய்டன்
அதற்குப் பதிவு பெற்ற ஒருவரைக் கூப்பிட்டுக் கடைசியில் பார்க்கச் சொன்னால் போச்சு.

நீலச்சுவாலை
இன்னொருவர் செய்து மூடிய வேலைக்கு நான் கையெழுத்து வைக்க மாட்டேன். கூரையைத் திறக்கச் சொல்வேன். அப்போது பாதி விலை எங்கே போகும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். அலாரம் கட்டாயம் மாட்டுங்கள், பிஎஸ் ஈஎன் 50291 என்ற தர முத்திரை உள்ளதாக, பொயிலரிலிருந்து 1 முதல் 3 மீட்டருக்குள். அது வாயு வந்த பிறகு கத்துகிற பொருள், வராமல் தடுக்காது. காலாவதித் திகதியும் அதிலேயே இருக்கும்.

ஹரோ_குடித்தனம்
பில்டரிடம் சொல்லிவிட்டேன், முகம் சுருங்கியது. குழாய் வேலைக்கு வேறு ஆள் பார்க்கிறேன். ஆனால் அவர் அடுத்த கிழமையே சுவரை எழுப்பப் போகிறார். அதுவரை பொயிலரை ஓடவிடலாமா?

நீலச்சுவாலை
குழாய் வாய்க்கு முன்னால் எதுவும் எழும்பாதவரை ஓடட்டும். தார்ப்பாய் கட்டுவதும் மறைப்புத்தான், அதையும் சொல்லி வையுங்கள். சுவரோ கூரையோ வரும் அன்றே நிறுத்திவிட வேண்டும். முடிந்தால் குழாய் வேலை முதலில், சுவர் பிறகு. வருபவரின் காஸ் சேஃப் மஞ்சள் அட்டையைப் புரட்டிப் பாருங்கள், எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று பின்பக்கத்தில் இருக்கும்.

கணக்கர்_குரொய்டன்
மூன்று பேரிடமாவது விலை கேளுங்கள். கேட்டு இங்கே போடுங்கள், தம்பி சொன்ன மலிவு எவ்வளவு என்று நானும் பார்க்கிறேன்.