மைக்ரோஜெல்: கன விகிதம் 1.2 வருகிறது, கணக்கு தப்பா?

காலாப்பட்டு மாணவி:
வணக்கம். புதுச்சேரியில் ஆய்வு மாணவி. பிநிபாம் (சூட்டில் சுருங்கும் ஒரு பாலிமர்) மைக்ரோஜெல் துகள்களை, அதாவது தண்ணீரில் ஊறிப் பெருக்கும் நுண்ணிய கூழ் உருண்டைகளை, 6 எடை சதவீதம் தண்ணீரில் வைத்திருக்கிறேன். 20 டிகிரியில் குப்பியைக் கவிழ்த்தாலும் அசையாது. மத்தியானம் கரண்ட் போய் ஏசி நின்றால் பால் போல வெளுத்து ஓடிவிடுகிறது. நீர்த்த கரைசல்களின் பாகுத்தன்மையை ஐன்ஸ்டீனின் 2.5 சமன்பாட்டில் (பாகுத்தன்மை கன விகிதத்தின் 2.5 மடங்கு பங்கு கூடும்) பொருத்தியதில், எடைப் பின்னத்தை 20-ஆல் பெருக்கினால் கன விகிதம், அதாவது மொத்தக் கன அளவில் துகள்கள் பிடிக்கும் பங்கு, என்று வந்தது. 6 சதவீதத்துக்கு 1.2! பாத்திரத்தைவிடத் துகள் எப்படிப் பெரிதாக இருக்கும்? அப்புறம், ரியோமீட்டரில் (தட்டுகளுக்கு நடுவே கூழை வைத்துத் திருகி ஓட்டத்தை அளக்கும் கருவி) ஓடத் தொடங்கும் அழுத்தம் ஒவ்வொரு முறையும் மாறுகிறது.

மென்கோளம்:
கணக்கு சரிதான். ஒரு துகள் நெருக்கடியே இல்லாமல் தனியாக ஊறியிருக்கும்போது பிடிக்கும் இடத்தை, மொத்தத் துகள்களுக்கும் பெருக்கி வந்த எண் அது. 6 சதவீதத்தில் அவ்வளவு இடம் கிடையாது. அதனால் துகள் தண்ணீரை வெளியே விட்டுச் சுருங்கும், பக்கத்துத் துகளோடு ஒட்டும் இடத்தில் தட்டையாகும், ஓரத்து இழைகள் ஒன்றுக்குள் ஒன்று நுழையும். ஊறிய ஜவ்வரிசியைக் கிண்ணத்தில் அமுக்குவது மாதிரி. கடினக் கோளம் என்றால் 0.58 வாக்கில் கண்ணாடி நிலைக்குப் போகும் (துகள்கள் ஒழுங்கில்லாமலே நகர முடியாமல் சிக்கிக்கொள்ளும்), ஒழுங்கில்லாமல் அடுக்கினால் 0.64-க்கு மேல் ஏறாது. மென்துகளுக்கு அந்தத் தடை இல்லை. ஆய்வேட்டில் 'தோற்றக் கன விகிதம்' என்றே எழுதுங்கள். வெறும் கன விகிதம் என்று போட்டால் படிப்பவர் குழம்புவார்.

மாணவி:
நன்றி சார். அப்போ மத்தியானம் ஓடுவது?

மென்கோளம்:
32 டிகிரி வாக்கில் பிநிபாம் தண்ணீரை உதறிவிடும். விட்டம் பாதியானால் கன அளவு எட்டில் ஒன்று, உங்கள் 1.2 அங்கே 0.15. அது திரவம்தான். மே மாதத்தில் ஏசி இல்லாத அறை 32-ஐத் தாண்டத்தானே செய்யும். உப்பு மட்டும் கலந்துவிடாதீர்கள். சூட்டில் துகள்களைப் பிரித்து வைப்பது அவற்றின் மின்னூட்டம்தான், உப்பு அதை மறைத்தால் திரிந்துவிடும்.

கடலூர் சிப்காட் பெயின்ட்காரர்:
அழுத்தம் மாறுவதைப் பத்தி நான் சொல்றேன்மா. வழவழப்பான தட்டா? அப்படின்னா தட்டை ஒட்டி மெல்லிசா தண்ணிப் படலம் நிற்கும். கூழ் உள்ளே உடையாமலே மொத்தமா வழுக்கும், கருவி அதையும் ஓட்டம்னு எழுதிக்கும். சொரசொரப்பான தட்டு போடு. ரெண்டாவது, கூழை ஸ்பேச்சுலாவால அள்ளி வைக்கும்போதே அதோட பழைய நிலை கலைஞ்சிடும், ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி. சூடு பண்ணினா ஓடுதுன்னு நீயே சொல்றியே, அதையே பயன்படுத்திக்கோ. தட்டை 38 டிகிரியில வை, ஓடுற நிலையில ஊத்து, இடைவெளியைச் சரி பண்ணு, அப்புறம் 20-க்குக் குளிர்வி. அள்ளின தடம் எதுவும் மிஞ்சாது. ஓரத்துல சிலிக்கான் எண்ணெய் ஒரு வரி தடவு, தண்ணி ஆவியாகாது.

மாணவி:
குளிர்ந்ததும் உடனே அளக்கலாமா அண்ணா?

பெயின்ட்காரர்:
கூடாது. இந்த நிலை தானாவே மெள்ள இறுகிக்கிட்டே போகும். எவ்வளவு நேரம் காத்திருக்கணும்னு ஒண்ணு முடிவு பண்ணி, எல்லா அளவீட்டுக்கும் அதையே வை. அந்த நேரத்தையும் குறிப்பேட்டுல எழுது.