ரைசன் 5 7600 பிராசஸருக்கு 6000 வேக ரேம் பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம். காணொளித் தொகுப்பு வேலைக்காக ரைசன் 5 7600 பிராசஸரும் பி650 மதர்போர்டும் கொண்ட டெஸ்க்டாப் கணினி ஒன்றை நானே பொருத்தவிருக்கிறேன். ரேமைத் தேர்ந்தெடுப்பதில்தான் தயங்கி நிற்கிறேன்.

இந்தப் பிராசஸருக்கு ஏஎம்டி குறிப்பிடும் உச்ச வேகம், இரண்டு டிடிஆர்5 வகை ரேம்களைப் பொருத்தினால் 5200 (வினாடிக்கு மெகா டிரான்ஸ்ஃபர் கணக்கில்); நான்கைப் பொருத்தினால் அது 3600 ஆகக் குறைந்துவிடுகிறது. ரேமை இயக்கும் கன்ட்ரோலர் பிராசஸருக்குள்ளேயே இருப்பதால், மதர்போர்டு பெட்டியில் அச்சிட்டிருக்கும் பெரிய எண்ணை மட்டும் நம்பி வாங்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பலரும் 6000 வேக ரேமையே பரிந்துரைக்கிறார்கள். பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரையில்) எக்ஸ்போவை, அதாவது ரேமின் கூடுதல் வேகத்துக்கான ஏஎம்டியின் முன்அமைப்பை, இயக்கினால்தான் அந்த வேகம் கிடைக்கும், இல்லையேல் 4800 போன்ற அடிப்படை வேகத்திலேயே ஓடும் என்பதையும், அது ஓவர்கிளாக்கிங் (குறிப்பிட்ட வேகத்தை மீறி இயக்குதல்) கணக்கில் சேரும் என்பதையும் அறிவேன்.

இதே அமைப்பை வைத்திருப்பவர்கள், பல மணி நேரம் தொடர்ந்து ரெண்டர் செய்தபோது (தொகுத்த காணொளியை இறுதிக் கோப்பாக மாற்றியபோது) 6000 வேகத்தில் கணினி நிலையாக இயங்கியதா என்று தெரிவிக்க வேண்டுகிறேன். இப்போது இரண்டு 16 ஜிபி வாங்கிவிட்டுப் பின்னர் இன்னும் இரண்டைச் சேர்ப்பதா, தொடக்கத்திலேயே இரண்டு 32 ஜிபி வாங்குவதா? இரண்டாவதே சரியென எனக்குப் படுகிறது, விலைதான் தடுக்கிறது. மெம்டெஸ்ட் (ரேமில் பிழை உள்ளதா எனச் சோதிக்கும் மென்பொருள்) முடிவுகளையும் பகிர்ந்தால் பேருதவியாக இருக்கும்.