பாக்மன் பரிசு வாசிப்புகளைப் பார்க்க உதவி வேண்டும்

வணக்கம். ஜெர்மன் நன்றாகத் தெரிந்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் கொஞ்சம் கைகொடுங்கள்.

ஆஸ்திரியாவின் கிளாகன்ஃபுர்ட்டில் 1977 முதல் வழங்கப்படும் இங்கேபோர்க் பாக்மன் பரிசு என்ற ஜெர்மன் மொழி இலக்கியப் பரிசைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். அச்சில் வராத தன் கதையை எழுத்தாளரே மேடையில் வாசிக்க வேண்டும். வாசித்து முடித்ததும் அவர் முன்னிலையிலேயே நடுவர்கள் அதை அலசுகிறார்கள். எல்லாம் தொலைக்காட்சியில் நேரலை. எழுதியவருக்கு இது கொடுமைதான், ஆனால் ஒரு கதையை எப்படிப் படிப்பது என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

என்னை மிகவும் பாதித்தது எழுத்தாளர் ஹெல்கா ஷூபர்ட்டுக்கு நேர்ந்தது. 1980இல் அழைப்பு வந்தும் கிழக்கு ஜெர்மனி அரசு அவரைப் போகவிடவில்லை. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2020இல், எண்பது வயதில் பரிசை வென்றார். பெருந்தொற்று காரணமாக அந்த ஆண்டு எழுத்தாளர்கள் கிளாகன்ஃபுர்ட்டுக்குப் போகாமலே போட்டி நடந்தது.

அவருடைய வாசிப்பும், அதற்குப் பின் நடந்த நடுவர் விவாதமும் முழுதாக எங்கே கிடைக்கும்? வாசிப்பை ஓரளவு பின்தொடர்ந்துவிடுவேன். விவாதத்தில்தான் திணறுகிறேன், ஒருவர் முடிப்பதற்குள் இன்னொருவர் பேசுகிறார். வாரம் ஒருமுறை இணையத்தில் கூடவே உட்கார்ந்து கேட்க யாராவது முன்வந்தால் பெரிய உதவி.

அப்புறம், லண்டனில் பிறந்து 2016இல் இதே பரிசை வென்ற ஷரன் டோடுவா ஓட்டூவின் கதையைத் தமிழில் யாராவது மொழிபெயர்த்திருக்கிறார்களா? தெரிந்தால் சொல்லுங்கள்.