கடகட என்ற எஞ்சினும் சுணங்கி ஓடிய எஞ்சினும்

திருகோணமலையில் சீனக்குடா விமானத்தளம் இருந்தும் அங்கே கண்ணில் படுவது பெரும்பாலும் புரொப்பெல்லர் வைத்த சின்ன விமானங்கள்தான். முன்னால் பெரிய விசிறி வைத்த ஜெட் எஞ்சினைக் கிட்ட நின்று பார்க்க இரவோடிரவாக வான் வண்டியில் ஏறி ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் தாண்டிக் கட்டுநாயக்கா விமான நிலையம் போக வேண்டும். வளைகுடாவில் வேலை பார்க்கும் எங்கள் ஊர் ஆட்களுக்கு அந்தப் பாதை மனப்பாடம்.

எனக்கு வாய்த்தது பழைய ஏர்பஸ் ஏ320 விமானம். பஸ்ஸில் கொண்டுபோய் விமானத்தடியில் இறக்கினார்கள். ஏணியடியில் வரிசை நகரவில்லை. இறக்கைக்குக் கீழே ஒரே கடகட சத்தம், சுளகில் கச்சான் குலுக்குவது போல. எஞ்சின் ஓடவே இல்லை, கடல்காற்றுக்கு விசிறி மட்டும் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. "ஏதோ கழண்டு போச்சுப் போல" என்றார் பின்னால் நின்றவர். எனக்கும் அடிவயிறு கலங்கியது.

தோஹாவில் விமானப் பராமரிப்பு வேலையில் இருக்கும் மச்சானிடம் கேட்டேன், சிரித்தான். அது சிஎஃப்எம்56. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கும் பிரான்சின் ஸ்னெக்மாவும் பாதிக்குப் பாதி சேர்ந்து செய்த எஞ்சின். ஏ320இல் வருவதற்கு விசிறியில் 36 டைட்டானியம் பிளேடுகள். அவற்றின் வேர்கள் தாம் பொருந்தும் பள்ளத்துக்குள் கொஞ்சம் இளக்கமாகவே இருக்கும். மெல்லச் சுற்றும்போது மேலே வருகையில் ஒரு பக்கமும் கீழே இறங்குகையில் மறுபக்கமும் சரியும், சத்தம் அதனால்தான். வேகம் பிடித்தால் மையவிலக்கு விசையே எல்லாவற்றையும் வெளியே இழுத்து இறுக்கிவிடும். தனியாக இறுக்கத் தேவையில்லை.

அடுத்த முறை நியோ, அதாவது புது எஞ்சின் வைத்த ஏ320. நியோவுக்கு இரண்டு வகை எஞ்சின் உண்டு, நான் ஏறியதில் இருந்தது லீப். அதே சிஎஃப்எம் கூட்டணியின் அடுத்த தலைமுறை, 2016இல் பயணிகள் சேவைக்கு வந்தது. பிளேடு 18 மட்டுமே, எல்லாம் கார்பன் இழையில் நெய்து செய்தவை, ஒவ்வொன்றும் நல்ல அகலம். எரிபொருள் 15 சதவீதம் மிச்சம் என்கிறது கம்பனி. டிக்கெட் விலையில் அந்த மிச்சம் எனக்குத் தெரியவில்லை, அது வேறு கதை.

இங்கேயும் ஒரு பதற்றம். எஞ்சின் ஸ்டார்ட் ஆக ஏகப்பட்ட நேரம் எடுத்தது. பக்கத்து சீட்டில் கிண்ணியா உம்மா ஒருவர், "என்ன தம்பி, இது ஓடாது போலயே?" என்று என் கையைப் பிடித்துவிட்டார். மச்சான் சொல்லித் தந்ததை அவருக்குச் சொன்னேன். எஞ்சினை நிறுத்தியதும் உள்ளே இருக்கும் சூடு மேலே ஏறும். சுழலும் தண்டின் மேற்பக்கம் கூடச் சூடாகி மயிரிழை அளவு வளைந்து நிற்கும். அப்படியே வேகமாகச் சுற்றினால் உள்ளே உரசும். அதனால் எரிபொருளைக் கொடுக்கும் முன் கொஞ்ச நேரம் சும்மா சுற்றவிட்டு வளைவை எடுக்கிறார்கள். உம்மாவுக்கு எவ்வளவு புரிந்ததோ, கையை மட்டும் விட்டார்.

ஓடத் தொடங்கிய பிறகு லீப் நல்ல அமைதி. என்றாலும் எனக்குப் பிடித்தது பழசுதான், டேக்-ஆஃபில் அதன் இரைச்சல் நெஞ்சில் ஏறும். பெரிய ஏர்பஸ் ஏ330இல் வரும் ரோல்ஸ்-ராய்ஸ் எஞ்சினான ட்ரென்ட் 700 மூன்று தண்டு வைத்தது, அதன் சத்தமே வேறு என்கிறான் மச்சான். இறக்கைக்குப் பின் சீட்டில் இருந்து அதைக் கேட்டவர்கள் எழுதுங்கள்.